அக்கா கேட்ட மோசமான கேள்வி

ஏற்கெனவே இரண்டு பட்டம் வாங்கிவிட்டு மூன்றாவதற்கு வந்து நிற்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் அக்காவின் வேலை. கேள்வி கேட்கத் தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, அவளிடமே கேட்டேன். "ஆமா, தெரியாமதான் வந்திருக்காங்க" என்றாள். அவள் முகத்தில் துளி கேலி இல்லை. எங்கள் வீட்டில் கேலி என்னுடைய இலாகா.

சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்கிற அத்தனை பேரும் 'உயர்நிலை ஆய்வு முறைகள்' என்ற பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். முடிக்காதவர் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள். அந்தத் துறையின் மற்ற பேராசிரியர்கள் அதிகாரம், மதம், வர்க்கம், குடும்பம் என்று வாய்க்கு ருசியான பாடங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இது மட்டும் பந்தி முடிந்த பிறகு பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போலக் கிடந்தது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அக்காவின் தலையில் கட்டினார்கள். அவள் அதைப் பெரிய விருந்தாக நினைத்து வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை. அவளிடம் கேள்வி கேட்கப் படித்தவர்கள் சில வருஷம் கழித்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, தலையில் பாதி முடியோடு என் கடைக்கு வந்து சேருவார்கள். நான் அட்டை போட்டு, ஓரம் வெட்டி, முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுப்பேன். அந்தப் பிரதிகளை யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. எனக்கும் ஈவு இரக்கம் உண்டு.

கடைக்கு மேலேயே இரண்டு அறை வீடு. அக்காவும் நானும் அதில்தான் இருந்தோம். நான் ஒருமுறை கல்யாணம் செய்துகொண்டு போனவள். அது மட்டமான பசை, சில வருஷத்தில் தாள் தாளாகக் கழன்றுவிட்டது. பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "என்னடி ஆச்சு?" என்றுகூட அவள் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "நீயா சொல்றப்ப சொல்லு" என்றாள். அதற்காக அவளை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்தது. பின்னால் அதுவே என் கழுத்தை அறுக்கும் என்று யார் கண்டார்கள்.

அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை உறவுக்காரர்கள் நல்ல உத்தியோகத்தில் இருந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இருவரையும் தனியாகப் பேசவிட்டார்கள். அப்போது அக்கா ஒரு சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தில், "உங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு காலையிலேருந்து சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். அவர் நிறுத்தும்போதெல்லாம் இவள் தலையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. உள்ளேயிருந்து வெளியே வந்தபோது அந்த மனிதருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தன் வாழ்க்கையே தனக்கு இப்போதுதான் விளங்கியது என்று அக்காவுக்குக் கையெடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போய், முன்னால் விரும்பிய ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டார். பத்திரிகை வந்தது. நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அந்த 'இன்னும் கொஞ்சம்' என்பதே அவளுக்குப் பெயராகிவிட்டது. மாணவர்கள் என் கடையில் நின்றுகொண்டு, "இன்னும்கொஞ்சம் மேடம் இன்னிக்கு என்ன மூடுல இருக்காங்கக்கா?" என்று என்னையே விசாரிப்பார்கள். "அவளுக்கு மூடே கிடையாது, அது தப்பான முறை" என்பேன்.

அவளுடைய வகுப்பில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் உண்டு. மாணவர்கள் ஒருவரையொருவர் பேட்டி எடுத்துப் பழகுவார்கள். பதிலைத் தன் பக்கம் இழுக்கிற மாதிரி யாராவது கேட்டால், உதாரணமாக "உங்களுக்கு அது கஷ்டமா இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டுவிட்டால், டம்ளர் வைத்திருப்பவர் டிங் என்று தட்ட வேண்டும். அந்த டிங்கை வாங்கியவர் வாயை மூடி, கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். பேட்டி எடுப்பவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் நமக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், உண்மை ஓடிவிடும். இதுதான் அக்காவின் முதல் பாடம், நடுப் பாடம், கடைசிப் பாடம். வகுப்பு மேல்மாடியில் நடக்கும். ஜன்னல் திறந்திருந்தால் என் கடைவரைக்கும் டிங் கேட்கும். சில நாள் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் கடை வைத்தது போல இருக்கும்.

ஒரு வருஷம் கவனிப்புப் பயிற்சி வைத்தாள். ஆளுக்கு ஒரு பொது இடம் தேர்ந்தெடுத்து, யார் கண்ணிலும் படாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு வர வேண்டும். நல்ல வெயில் காலம். ஊரில் ஏசி போட்ட பொது இடம் பேருந்து நிலையத்துக் காத்திருப்பு அறை ஒன்றுதான். அத்தனை பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், அங்கேதான் போயிருக்கிறார்கள். தாளை வாங்கிப் பார்த்தால், தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் எதையோ குறித்துக்கொண்டே இருந்ததாக ஒருத்தி எழுதியிருந்தாள். அந்த ஆள், எதிர் பெஞ்சில் ஒரு பெண் தன்னை முறைத்துக்கொண்டே எழுதியதாக எழுதியிருந்தான். இன்னொருவன், பயணத்துக்கு முன் எழுதுவது இந்தச் சமூகத்தில் பரவலான பழக்கம் என்ற முடிவுக்கே வந்துவிட்டான். கடைசியில் காவலாளி எல்லோரையும் வெளியே விரட்டியிருக்கிறார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்காமல், "முடிவு தப்பு, ஆனா கவனிச்சது சரி" என்று மதிப்பெண் போட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் என் வாழ்க்கையின் மிக முக்கியமான விஷயத்தில் யோசனை கேட்கப் போனேன். சுவரில் முட்டிக்கொள்வது என்று முடிவான பிறகு நல்ல சுவராகப் பார்த்துத்தானே முட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக நூலகத்து லிஃப்டைப் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வருவார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. மின்சுற்றுப் படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க முதல் தடவை என் கடைக்கு வந்தார். அப்புறம் பார்த்தால் அந்த லிஃப்ட் அந்த வருஷம் பழுதானது போல் எந்த வருஷமும் பழுதானதில்லை. அதிகம் பேசமாட்டார். கடையில் கூட்டமாக இருந்தால் தானாகவே தாளை அடுக்கித் தட்டிக் கொடுப்பார். ஒருநாள் நான் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, தனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதாகவும், ரயிலில் ஒரு ராத்திரி தூரம் என்றும், கம்பெனி வீடு தருவதாகவும் சொன்னார். தனி ஆளுக்கு ஒற்றை அறை, குடும்பத்துக்கு வீடு. எது வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். "நான் எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கீழே குனிந்து வெட்டுத் தூளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் ஒரு ஆய்வேட்டின் கடைசி வரியைச் சேர்த்து வெட்டிவிட்டேன்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்ததை நம்பித்தான் முதல் தடவையும் போனேன், அப்போது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை யாராவது போ என்றோ போகாதே என்றோ சொன்னால் தேவலை என்றிருந்தது. அம்மா போன பிறகு எனக்கு மேலே இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"அக்கா, நான் அவரைக் கட்டிக்கலாமா?"

"உனக்கு எப்படித் தோணுது?"

"எனக்குத் தோணுறது இருக்கட்டும். உனக்கு எப்படித் தோணுது?"

"எனக்குத் தோணுறதை வச்சு நீ என்ன பண்ணப்போற? அவரை நினைச்சா உனக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?"

"லிஃப்ட்."

"இன்னும் கொஞ்சம் சொல்லு."

கையில் இருந்த தலையணையை அவள்மேல் எறிந்தேன். பிடித்துத் தட்டி ஓரமாக வைத்தாள்.

அடுத்த நாள் வேறு வழியாகப் போனேன். அந்த ஊரில் தண்ணீர் நன்றாக இருக்காதாமே என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "யார் சொன்னாங்க?" என்றாள். அதற்கடுத்த நாள் அழுதே பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முதுகைத் தடவினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவளுக்கு நான் போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வலித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் அக்கா வகுப்பு மாடியிலிருந்து வேகமாகப் படியிறங்கி, சாலையைக் கடந்து கடைக்குள் வந்தாள். அன்றைக்கு வகுப்பில் வெளியாள் ஒருவரை வைத்து நிஜப் பேட்டி எடுத்துக் காட்ட வேண்டிய நாள். வருவதாக ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் பல் வலியாம்.

"ஒரு மணி நேரம் வந்து உக்காருடி. உன் கடையைப் பத்திப் பேசினா போதும்."

"சொந்தக்காரங்களைப் பேட்டி எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

"நான் எடுக்கப்போறதில்ல. பசங்க எடுப்பாங்க."

சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று அப்போது அவளுக்கும் தெரியாது, ஓணானுக்கும் தெரியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன்.

மேல்மாடி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் எனக்கு ஒன்று, பேட்டி எடுப்பவருக்கு ஒன்று. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். என் முதல் கல்யாணத்தில் இப்படி யாரும் படித்துக் காட்டவில்லை. டம்ளர் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அவளுக்குப் பட்டப்பெயர் கோட்பாடு. காப்பி ஆறிவிட்டது என்பதைக்கூட ஒரு கோட்பாட்டோடுதான் சொல்லுவாள்.

முதலில் என் எதிரே வந்து உட்கார்ந்தவன் சதவீதம். எதையும் எண்ணாக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. "உங்க வேலையில உங்களுக்கு இருக்கற திருப்தியை ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொன்னா..." என்று ஆரம்பித்ததுமே அக்கா தொண்டையைச் செருமினாள். அவன் வியர்த்து, தாளைப் புரட்டி, வாய்க்கு வந்ததைக் கேட்டான்.

"சரிங்கக்கா, உங்க வாழ்க்கையில இப்போ முக்கியமா என்ன நடந்துக்கிட்டிருக்கு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்பது போல மிக லேசாகத் தலையை அசைத்தாள். மாட்டினாயா என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒருத்தர் என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டிருக்கார். நாளைக்குள்ள பதில் சொல்லணும். என் கூடப் பொறந்தவகிட்ட யோசனை கேட்டேன், வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றேன்.

அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவன்கூட எழுந்தான். சதவீதம் திக்குமுக்காடிப்போய், "அவர் நல்லவருன்னு தோணுதாக்கா?" என்றான். டிங். "இல்ல, கெட்டவருன்னு...?" டிங். "வயசு என்னக்கா?" என்று அவன் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியபோது, அக்கா எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினாள். "எந்திரி. எப்படிக் கேக்கணும்னு நான் காட்டறேன்."

அக்கா என் எதிரே உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்து வைத்த சிலேட்டுப் பலகை மாதிரி ஆக்கிக்கொண்டாள். அவரைப் பற்றிச் சொல்லு என்றாள்.

நான் சொன்னேன். முதலில் அவளை வெறுப்பேற்றத்தான் சொன்னேன். போகப் போக எனக்கே மறந்துவிட்டது. அவர் தாளை அடுக்குகிற விதம், கடையில் யாராவது என்னிடம் குரலை உயர்த்தினால் பேசாமல் என் பக்கத்தில் வந்து நிற்பது, செத்துப்போன மனைவியைப் பற்றி ஒருதடவைகூடக் குறையாகப் பேசாதது, எல்லாம் சொன்னேன். கடையை அங்கேயும் போடலாம், இயந்திரத்தை லாரியில் ஏற்றிவிடலாம் என்று அவர் விசாரித்து வைத்திருப்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சந்தோஷமாகக் கேட்டது. நிறுத்தினேன்.

அக்கா அவளுடைய வழக்கப்படி பேசாமல் இருந்தாள். மௌனத்தை நிரப்பாதீர்கள், அது தானாக நிரம்பும் என்பதும் அவள் பாடம்தான். இந்தத் தடவை அது வேறு பக்கத்திலிருந்து நிரம்பியது.

"அந்த ஊர்ல உனக்கு ஒருத்தரையும் தெரியாது, இல்ல?" என்றாள்.

கோட்பாட்டின் ஸ்பூன் பழக்க தோஷத்தில் டிங் என்றது. தட்டிய பிறகுதான் யாரைத் தட்டினோம் என்று தெரிந்து அவள் வெளிறிப்போனாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"உடம்புக்கு முடியலேன்னா அங்க யார் பாத்துப்பா?"

டிங்.

"முதல் தடவையும் இப்படித்தானே நல்லா பேசினான் அவன்?"

டிங். இது ரொம்ப மெதுவாக.

"இங்க உனக்கு என்னடி குறை வச்சேன்?"

ஸ்பூன் ஆடவில்லை. அக்காவின் சிலேட்டு முகம் கலைந்துபோயிருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

கோட்பாடு ஸ்பூனை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சதவீதத்தைப் பார்த்தாள். அவன் தணிந்த குரலில், "இது திறந்த கேள்விதான், தட்டாதே" என்றான். அவன் சொன்னது சரி. ஆமாம், இல்லை என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தைக்கு எப்படி அலைஞ்சேன்."

"சொன்னா நீ போகமாட்ட" என்றாள் அக்கா. "எனக்கு உன்னைத் தெரியாதா? நான் ஒரு வார்த்தை சொன்னா நீ இங்கேயே நின்னுடுவ. அதான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

அவளுக்கு நான் போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேனே, அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. அவள் சொன்னது பொய்யில்லை. இந்தக் கேள்வியை அவள் முதல் நாளே கேட்டிருந்தால், நான் அவருக்கு ஒற்றை அறையையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். இப்போது கேட்கிறாள், அதுவும் நான் அவரைப் பற்றி அத்தனையும் என் வாயாலேயே சொல்லி, என் காதாலேயே கேட்ட பிறகு.

"போறேன்க்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, வட்டத்தைப் பார்த்து, "இதுல எத்தனை தப்பு இருந்துதுன்னு எழுதிக்கிட்டு வாங்க. எல்லாம் என் தப்புதான், வெக்கப்படாம எழுதுங்க" என்றாள். மாணவர்கள் நாற்காலியைக்கூட இழுக்காமல் வெளியே போனார்கள். போகிற போக்கில் சதவீதம் மட்டும் என்னிடம், "வாழ்த்துகள்க்கா, கடை போயிட்டா நாங்க எங்க பைண்டிங் பண்றது?" என்றான். எல்லோருக்கும் அவரவர் கவலை.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். "நாளைவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே போடு" என்று அக்கா என் கைபேசியை எடுத்து நீட்டினாள். நான் அவரை அழைத்து, வீடாகவே கேட்டுவிடுங்கள் என்றேன். எங்கோ லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தார் போல, கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா கைபேசியைப் பிடுங்கினாள். தன்னை யாரென்றுகூடச் சொல்லவில்லை.

"இவளை நல்லா பாத்துப்பீங்கதானே?" என்றாள்.

"ஆமாங்க" என்றார் அவர்.

"கடைசிவரைக்கும் பாத்துப்பீங்கதானே?"

"ஆமாங்க."

அப்படிக் கேட்டால் எந்த மனிதன் இல்லை என்று சொல்லுவான் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும். அன்றைக்கு அவள் உண்மையைத் தேடவில்லை. அந்த ஒரு சொல் அவளுக்கு வேண்டியிருந்தது. இன்னொரு தடவையும் கேட்டாள், அவர் இன்னொரு தடவையும் சொன்னார்.